கஞ்சிப் பானையில் குராமிகள்

பதுர்தீன் அவர்கள் லொறி பேசிவிட்டு வீடு திரும்பிய அதே பிற்பகலில்தான், அவருடைய மருமகனின் மீன்தொட்டியில் இருந்த ஏஞ்சல் மீன் சோடி, வடிகட்டியின் குழாயைத் துப்புரவு செய்யத் தொடங்கியது. ஒரு மீன் தன் சிறிய வாயால் குழாயைக் கொத்திக் கொத்தித் தேய்த்தது. மற்றையது அருகில் நின்று, அவ்வழியே வந்த கப்பி மீன்களை விரட்டியது. இதன் பொருள் அப்போது அவ்வீட்டில் இருந்தவர்களுள் அவருடைய மகள் ஷிஹாராவுக்கு மட்டுமே தெரியும். அவர் மா பிசைந்த கையோடு தொட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"உம்மா, இதுகள் முட்ட போடப் போகுதுகள்."

தாய் றம்லா அடுப்படியில் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு லொறியில ஏறின பொறகு போடச் சொல்லு. புத்தளத்துல போய்ப் போடட்டும்."

"விளையாடாதீங்க உம்மா."

"நான் என்னத்துக்கு விளையாடுற? நோன்பு வாயோட விளையாட எனக்குத் தெம்பா இரிக்கி?"

மாசி கழிந்து காற்று ஓய்ந்திருந்த நாட்கள் அவை. கற்பிட்டியில் காற்று வீசினால் மணல் வீட்டுக்குள் வரும். காற்று நின்றால் கருவாடு காயவைக்கும் வாடிகளின் மணம் வரும். அன்று இரண்டாவது. பதுர்தீனின் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக் கொட்டிலில் பரப்பியிருந்தார்கள். அவர் விடிந்தது முதல் கூலியாட்களோடு குந்தியிருந்து தாள் கட்டிவிட்டு, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சந்திக்குப் போய், பேதுரு என்பவரின் சின்ன லொறியைப் புத்தளத்துக்குப் பேசிவிட்டு வந்திருந்தார். ஏற்ற வேண்டிய சாமான் ஒன்றே ஒன்றுதான். அது மண்டபத்துச் சுவரோடு இருந்த அந்த மீன்தொட்டி.

அந்த ஊர் வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுவது முறையாகும். அங்கே பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடும், விருப்பமான சாமான்களோடும் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வந்த சாமான்கள் மறுபடியும் அந்த வாசற்படலையைத் தாண்டி வெளியே போவதை அயலவர்கள் கண்டால், அதற்குமேல் எவரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள். விடயம் முடிந்தது என்று விளங்கிக்கொள்வார்கள். மருமகன் ஸாஜித்தின் உடுப்புகள் அவரோடு மோட்டார் சைக்கிளில் ஏற்கெனவே போய்விட்டன. எஞ்சியிருந்தது தொட்டி. அது இருக்கும்வரை, "மாப்புள எங்க?" என்று கேட்பவர்களிடம், "உம்மாவப் பாக்கப் போயிருக்கார்" என்று றம்லாவால் சொல்ல முடிந்தது.

ஸாஜித் படகு இயந்திரங்கள் திருத்துபவர். புத்தளத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒன்று இயந்திரத்தைப் பற்றியதாக இருக்கும், இல்லையேல் ஏஞ்சல் மீன்களைப் பற்றியதாக இருக்கும். கற்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரின் கடுமை அம்மீன்களுக்கு ஒத்துவராது என்று, குடிப்பதற்கு விற்கும் ஃபில்டர் தண்ணீரைக் கலனில் வாங்கிவந்து தொட்டிக்கு ஊற்றுவார். அந்தச் சோடி இதுவரை மூன்று தடவை முட்டையிட்டிருந்தது. மூன்று தடவையும் முட்டைகள் மறைந்துபோயின. முதலில் அவர் குராமி மீன்களைச் சந்தேகித்தார். அவை சாதுவாய் மிதந்து திரியும் வெளிர்நீல மீன்கள். பிறகு கப்பிகளை. பிறகு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும், டேங்க் கிளீனர் என்று எல்லாரும் அழைக்கும் அந்தக் கறுப்பு மீனை. நோன்பு தொடங்கியபோது முட்டையிட்ட மூன்றாவது தடவையில்தான் உண்மை தெரிந்தது. விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி மண்டபத்து விளக்கைப் போட்ட கணத்தில், இருட்டில் காவல் நின்ற தாயும் தகப்பனும் வெருண்டு, தங்கள் முட்டைகளைத் தாங்களே தின்றன.

அதைக் கண்டபின், இனி முட்டை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவற்றைப் பழக்க வேண்டும் என்று, ஸஹர் வேளையில் மண்டபத்து விளக்கைப் போடவேண்டாம் என மாமியிடம் ஸாஜித் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டார். றம்லாவும் சரியென்றார். குசினி விளக்கின் அரைவெளிச்சத்தில் எல்லோரும் மண்டபத்தில் சாப்பிட்டார்கள். அவ்வாறு சாப்பிட்ட ஒரு நாளில்தான், பதுர்தீனின் தொண்டையில் ஓரா மீனின் முள்ளொன்று ஏறியது.

யாரையும் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. முள் யாருக்கும் ஏறலாம். சோற்றை உருட்டி விழுங்கினால் இறங்கிவிடும். ஆனால் அவர் சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோன வேளையில் பள்ளிவாசலில் சுபஹுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்கக்கூடாது. அன்று முழுவதும், தொண்டையில் முள்ளோடும் தலைக்கு மேல் வெயிலோடும், பதுர்தீன் வெங்காயம் பிடுங்கினார். முள்ளுக்காக நோன்பைக் கைவிட மார்க்கத்தில் இடம் உண்டென்று ஆட்களில் ஒருவர் சொன்னாராம். அதற்கு அவர், "மீனுக்காக நோன்ப விட்ட மனிசன் எண்டு எனக்குப் பேர் வரவா?" என்று கேட்டாராம்.

அந்தியில் கஞ்சியின் முதல் மிடறிலேயே முள் இறங்கிவிட்டது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இஞ்ச பாருங்க மருமகன்," என்றார். "இது எங்கட வீடு. எங்கட வீட்டுல எப்ப லைட் போடுறது, எப்ப நூக்குறது எண்டு வந்த ஆள் சொல்லித் தரத் தேவல்ல."

வந்த ஆள் என்ற அந்தச் சொல் விழுந்ததும் ஸாஜித் கையிலிருந்த கட்லட்டைப் பீங்கானில் வைத்தார். எழுந்து கைகழுவினார். மஃரிப் தொழுதார். தம் இரண்டு வயது மகன் ஆகிபை ஒருமுறை தூக்கி இறக்கினார். பிறகு மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது.

ஒரு கிழமைக்குப் பிறகு, பதுர்தீனின் கூட்டாளியான கருவாட்டு வியாபாரி மக்பூல் புத்தளத்துக்குப் போய்ப் பேசிவந்தார். கொண்டுவந்த சேதி சுருக்கமானது. சாமானை அனுப்பிவிடட்டுமாம்.

"கேட்டா குடுக்கத்தான் வேணும்," என்று பதுர்தீன் அன்றே சொல்லிவிட்டார். "அடுத்தவண்ட சாமானப் புடிச்சி வச்சிக்கொண்டு இருக்க நாங்க என்ன ஈடு புடிக்கிற கடையா?"

ஷிஹாரா இன்னும் தொட்டியின் முன்னால் நின்றார். சற்று நேரத்தில் பெரிய மீன் குழாயோடு ஒட்டி மேல்நோக்கி ஊர்ந்தது. அது போன வழியில் மணிமணியாய் ஒரு வரிசை ஒட்டிக்கொண்டது. சிறிய மீன் அதே வழியில் பின்னால் ஊர்ந்தது. அப்படியே வரிசைக்குப் பக்கத்தில் வரிசையாகக் குழாய் நிறைந்தது.

அவர் மாவுக் கையைக் கழுவிவிட்டுக் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். ஸாஜித் போன நாளிலிருந்து இருவரில் ஒருவரும் மற்றவரை அழைத்திருக்கவில்லை.

"முட்ட போட்டிரிக்கி," என்றார் எடுத்த எடுப்பில்.

மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. "எங்க? இலையிலயா?"

"குழாயில."

"வெள்ளையா இரிக்கா, தேன் நிறமா இரிக்கா?"

"தேன் நிறம்."

"அல்ஹம்துலில்லாஹ். இஞ்ச கேளு. குழாய மெதுவாக் கழட்டு. வெளிய வச்சி ஆறப் போடாத. டேங்க்குத் தண்ணியையே ஒரு வாளியில எடுத்து, அதுக்குள்ள எறக்கு. காத்துக் குழாயப் பக்கத்துல போடு. அலுமாரிக்கு மேல நீல மருந்து இரிக்கி, ஒரு சொட்டு. தாய் தகப்பன்ட கிட்ட வச்சா திண்டுடும். வாளியில இருந்தா ஒருத்தருக்கும் பயமில்ல."

"மத்த மீனுகளப் புடிச்சி வெளிய போட்டா?"

"அது வீண் வேல. கலவரப்படும். குழாயத் தூக்குறது லேசு." சற்றுப் பொறுத்து, "ஆகிப் என்ன செய்யுறான்?" என்றார்.

"நித்திர."

"சாப்பிட்டானா?"

"ஓம்."

நாளைய லொறியைப் பற்றி அவர் ஏதும் சொல்வாரென்று ஷிஹாரா காத்திருந்தார். அவர் சொல்லவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று நாவின் நுனிவரை வந்தும் ஷிஹாராவும் கேட்கவில்லை. "நான் வைக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

குழாயை அவர் கழற்றவில்லை. நோன்பு திறந்து முடிந்த பிறகும் கழற்றவில்லை. வாளியைக் கொண்டுவந்து தொட்டியருகே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தார். அப்படி இரண்டு முறை நடந்தார். றம்லா பாத்திரம் கழுவியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்புள வாளியில போடச் சொன்னாராக்கும்."

"ஓம்."

"நீ ஏன் போடல்ல?"

ஷிஹாரா தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"வாளியில போட்டா டேங்க் போயிரும் எண்டுதானே?"

"வாப்பாக்கிட்ட சொல்லாதீங்க உம்மா."

"நான் எதச் சொன்ன, எதக் கேட்ட? எனக்குச் சட்டி கழுவவே நேரமில்ல." றம்லா அடுத்த பாத்திரத்தை எடுத்தார். "ஆனா முட்டயத் திண்டுட்டா, ஒனக்கு முட்டையும் இல்ல, டேங்க்கும் இல்ல. அத யோசி."

ஷிஹாரா யோசித்தார். தொட்டியின் சிறு விளக்கை எரியவிட்டுப் போய்ப் படுத்தார். எழும்பிவந்து பார்த்தார். மறுபடியும் படுத்தார். ஸஹருக்குப் பாயை றம்லா குசினிக்குள்ளேயே விரித்துவிட்டார். பதுர்தீன் குசினி வாசலில் நின்று பாயைப் பார்த்தார்.

"இண்டைக்குத்தான்," என்றார் உட்கார்ந்துகொண்டே. "லொறி வந்தாப் பொறகு மனிசன் மாதிரிச் சாப்பிடலாம்."

அவர் தோட்டத்துக்குப் போனதும் ஷிஹாரா வலையை எடுத்தார். ஸாஜித் வீண் வேலை என்று சொன்ன வேலையைத்தான் அவர் செய்யத் துணிந்தார். மற்ற மீன்களையெல்லாம் பிடித்துவிட்டால், தொட்டி ஏஞ்சல்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். முட்டைகள் தாய் தகப்பனோடு குழாயிலேயே இருக்கும். முட்டையோடு தொட்டியை யாராலும் தூக்க முடியாது.

"எதுக்குள்ள போடப் போற?" என்றார் றம்லா.

"வாளி சின்னன். கஞ்சிப் பானையத் தாங்க."

"நோன்புக் கஞ்சிப் பானையவா?"

"மீன் ஹலால்தானே உம்மா."

"ஹலால் எண்டு குளிக்கிற தண்ணியிலயா கஞ்சி காச்சுற? புடி, புடி. உன்ட வாப்பா வந்து கேட்டா நான் நோன்பில மயங்கிக் கிடந்தன் எண்டு சொல்லுவன்."

கப்பிகள் எளிதில் வந்தன. குராமிகள் மூலைக்குள் ஒதுங்கின. வலை நெருங்கும்போதெல்லாம் பெரிய ஏஞ்சல் பாய்ந்துவந்து ஷிஹாராவின் விரலைக் கொத்தியது. சிறியது குழாயை விட்டு அசையவேயில்லை. செட்டைகளால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே நின்றது. ஷிஹாரா கையை வெளியே எடுப்பதும், மீன்கள் அமைதியாகும்வரை பொறுப்பதும், மறுபடி இறக்குவதுமாக இருந்தார். டேங்க் கிளீனரைக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்க லுஹர் ஆகிவிட்டது. சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. பானைக்குள் எட்டிப்பார்த்த ஆகிப், "கஞ்சி, கஞ்சி," என்று கைதட்டினான். றம்லா நோன்பை மறந்து சிரித்துவிட்டு, உடனே அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டார்.

லொறி மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தது. பதுர்தீனும் மக்பூலும் பேதுருவோடு முன்ஆசனத்திலிருந்து இறங்கினார்கள். தண்ணீர் இறைக்க ஒரு துண்டுக் குழாயும், தொட்டிக்கு அடியில் போடப் பழைய மெத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே வந்த பதுர்தீன் கஞ்சிப் பானையைக் கண்டார். பானைக்குள் குராமி ஒன்று மேலே வந்து காற்றை விழுங்கியது.

"இது என்ன கூத்து?"

"முட்ட போட்டிரிக்கி வாப்பா. இப்ப அசைக்க ஏலா. குஞ்சு பொரிச்சு நீந்தும் மட்டும் பாக்க வேணும்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு கிழம பத்து நாள் போகும்."

"பத்து நாளா? பெருநாளே வந்திரும். பெருநாளுக்கு வாற சனத்துக்கு நான் என்ன சொல்லுற? மருமகன் இல்ல, மருமகன்ட மீன் இரிக்கி, அதுக்கு சலாம் சொல்லுங்க எண்டா?"

"பதுர்தீன் நானா," என்றார் பேதுரு, வாசலில் செருப்பைக் கழற்றியபடி. "முட்டையோட ஏத்தினா என்ட லொறி குலுக்கத்துக்கு அது ஆம்லெட் ஆயிரும். நான் பொறுப்பில்ல."

"நீ சும்மா இரு பேதுரு. எங்க முட்ட? இப்படிச் சொன்னாக் காணுமா? நான் ஒண்டையும் காணல்லயே."

"குழாயில வாப்பா."

"குழாயில பாசிதான் கிடக்கு."

"பொறுங்க, நான் பாக்கிறன்," என்றார் மக்பூல். உதவி செய்யும் நல்லெண்ணத்தோடுதான் அவர் குனிந்தார். கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, தொலைபேசியின் விளக்கைக் குழாயின்மீது பாய்ச்சினார். "ஓம் ஓம், இரிக்கி. கடுகு கணக்கில நிறைய இரிக்கி."

"லைட்ட நூருங்க சாச்சா," என்றார் ஷிஹாரா.

மக்பூல் பதறிப்போய் விளக்கை அணைக்க விசையைத் தேடினார். விளக்கு பிறகும் சற்று நேரம் ஆடி ஆடி எரிந்தது. பெரிய ஏஞ்சல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு குழாயை நெருங்கி ஒரு மணியைக் கொத்தி எடுத்தது. இன்னொன்றை எடுத்தது. நேற்றிலிருந்து விசிறிக்கொண்டே நின்ற சிறியதும் திரும்பி வரிசையின் மறுமுனையிலிருந்து தொடங்கியது. அவசரம் எதுவும் தெரியவில்லை. நேற்றுக் குழாயைத் துப்புரவு செய்ததுபோலவே, ஒன்றையும் விடாமல், இரண்டும் தின்றன. மூன்று ஆண்களும் ஷிஹாராவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாய் பழையபடி வெறுங்குழாயானது.

பேதுரு தலையைச் சொறிந்தார். "அப்ப... ஏத்தலாம்தானே நானா?"

பதுர்தீன் மகளைப் பார்த்தார். கையிலிருந்த துண்டுக் குழாயை இன்னும் தொட்டிக்குள் விடவில்லை.

"ஏத்த ஏலா," என்றார் ஷிஹாரா.

"இன்னும் என்னத்துக்கு? முட்டதான் முடிஞ்சி போச்சே."

"முட்டைக்காக எண்டு சொன்னது பொய் வாப்பா." அவர் தகப்பனுக்கும் தொட்டிக்கும் நடுவே வந்து நின்றார். "முட்ட இருந்தாலும் இல்லாட்டியும் இந்த டேங்க் படலைக்கு வெளிய போகக் கூடா. போச்செண்டா நான் மறுவா அவர எந்த முகத்தோட வரச் சொல்லுற? நேத்து ஃபோன்ல கதைச்சன். லொறியப் பத்தி ஒரு சொல் கேக்கல்ல அவர். சாமான் கேட்ட மனிசன் சாமான் எப்ப வரும் எண்டு கேக்க மாட்டாரா? மக்பூல் சாச்சா, அவர்தானா ஒங்களுக்கிட்ட அனுப்பச் சொன்னது?"

மக்பூல் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். வெளியே எடுத்தார்.

"பொடியன் வேலைக்குப் போயிருந்தான் மகள். உம்மாதான் சொன்னா. மகன்ட சாமான அனுப்பச் சொல்லுங்க எண்டு. உம்மா சொன்னா மகன் சொன்ன மாதிரித்தானே எண்டு நான்..."

"நீ எனக்கு அப்படிச் சொல்லல்லயே," என்றார் பதுர்தீன்.

"நீயும் கேக்கல்லயே. சாமான் எண்டதும் நீ லொறி தேடி ஓடினாய்."

அடுப்படிக்குள் ஒரு கரண்டி விழுந்தது. பதுர்தீன் கதிரையொன்றை இழுத்து உட்கார்ந்தார். வெங்காயச் சருகு ஒட்டியிருந்த தம் உள்ளங்கைகளைச் சற்று நேரம் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். பேசிவிட்ட ஒரு சொல்லைத் திருப்பி எடுக்கும் வழியை அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

"லொறிய வேணாமெண்டு சொல்லட்டா?" என்றார் கடைசியில்.

"சொல்ல வேணாம்," என்றார் ஷிஹாரா. "புத்தளத்துக்குத்தானே பேசின? நான் போறன்."

"நீயா? பொண்டாட்டி போய் மாப்புளயக் கூப்பிடுறதா? எந்த ஊர்ல இரிக்கி அப்படி?"

"எனக்குத் தெரியா. நான் போறன்."

பேதுரு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு டேங்க் ஏத்தினாலும் ஒண்டுதான், தங்கச்சி ஏறினாலும் ஒண்டுதான்," என்றார். "டேங்க்குத்தான் பாரம் கூட."

நோன்பு திறக்க நேரம் நெருங்கியிருந்தது. அந்த வேளையில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. பெரிய பானை கிடைக்காததால் றம்லா இரண்டு சிறு சட்டிகளில் கஞ்சி காய்ச்சியிருந்தார். ஒன்றில்தான் இறைச்சி போட்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம், இறைச்சி வேண்டாம் என்று பேதுரு கூச்சத்தோடு சொன்னபோது, மற்றச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைக் கடித்தார்கள். மக்பூல் கஞ்சி நன்றாக இருக்கிறதென்று இரண்டு தரம் சொன்னார்.

தொழுகை முடிந்து ஷிஹாரா அபாயாவை உடுத்திக்கொண்டு மகனைத் தூக்கியபோது, பதுர்தீன் படலையடியில் நின்றிருந்தார். தோய்த்த சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார்.

"தனிய எப்படிப் போறது?" என்றார், யாரையும் பாராமல். "நானும் வாறன்."

முன்ஆசனம் மூவருக்குக் குறுகலாக இருந்தது. ஷிஹாரா யன்னலோரம் இருந்தார். தகப்பனின் உம்மாவான வாப்பும்மா வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டதும் துள்ளிய ஆகிப், அரைவழியிலேயே பாட்டனின் மடியில் உறங்கிப்போனான். வெங்காயத் தோட்டங்களில் நீர்த்தூவிகள் இருட்டுக்குள் சுற்றும் சத்தம் கேட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சிவப்பு விளக்குகள் வந்து, பின்னால் போயின. ஸாஜித்துக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. அவர் வீட்டில் இருப்பாரா, இருந்தாலும் கதவைத் திறப்பது அவரா அவருடைய உம்மாவா, வா என்பார்களா, ஏன் வந்தாய் என்பார்களா என்பதொன்றும் ஷிஹாராவுக்குத் தெரியாது. அபாயாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"நீ லொறியில இரு," என்றார் பதுர்தீன், பாலாவிச் சந்தி நெருங்கும்போது. "நான் முதல்ல உள்ள போய்க் கதைக்கிறன்."

"நீங்க கதைச்சுத்தானே வாப்பா அவர் போனது."

பேதுரு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. பதுர்தீன் அதைக் கண்டும் காணாதவர்போல் நேரே பார்த்தார். லொறி சந்தியில் தரித்தது, புத்தளம் பக்கமாகத் திரும்பியது, உப்பளங்களின் காற்று முகத்தில் அடித்தது. அவர் பேரனின் தலை சரியாமல் கையைக் கொடுத்தார்.

"அப்ப நீ கதை மகள்," என்றார் பிறகு. "நான் புள்ளய வச்சிக்கொண்டு உனக்குப் பின்னால நிக்கிறன்."